மும்பையில் தூண்டில் போட இடம் பார்ப்பது எப்படி

சயான் கோலிவாடாவுக்கு நான் குடிவந்து பதினான்கு வருடம் ஆகிறது. வேலைக்கோ, அக்கா வீட்டுக்கோ, ஆஸ்பத்திரி விஷயமாகவோ ஊரிலிருந்து வருகிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அண்ணே, இங்க தூண்டில் போட நல்ல இடம் எது?" கேட்கிறவர் பெரும்பாலும் கடலூர், நாகை, தூத்துக்குடிப் பக்கத்து ஆள். தண்ணீரைக் கண்டால் கை சும்மா இருக்காது. பையில் மடக்குத் தூண்டிலும் இருக்கும்.

நான் இடத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், "எந்தக் கிழமை போறீங்க, எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்பேன். மும்பையில் இடத்தையும் மணியையும் பிரித்துப் பேசவே முடியாது. காலை எட்டு மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் மடவை துள்ளுகிற இடம், பகல் இரண்டு மணிக்கு வெறும் சேறாகக் கிடக்கும். ஒருவர் "அங்கே அள்ளினோம்" என்பார், இன்னொருவர் "அங்கே ஒன்றும் இல்லை" என்பார். இரண்டும் உண்மையாக இருக்கும்.

நம் கிழக்குக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடாது. சென்னையில் கடல் ஏறி வற்றுவது அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். மும்பையில் அதே நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். ஹாஜி அலி தர்காவுக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். வற்றத்தில் ஜனங்கள் நடந்து போகும் அந்த நீளப் பாதை, பெரிய ஏற்றத்தில் கடலுக்குள் போய்விடும். தூண்டில்காரர் பாடமும் அந்தப் பாதையில்தான் ஆரம்பிக்கிறது. ஒரு நாள் சும்மா போய் நின்று பாருங்கள்.

முதல் நாள் தூண்டிலை வீட்டில் வையுங்கள்

ஊருக்கு நாலு நாள்தான் வந்திருக்கிறீர்கள் என்றாலும் முதல் நாளை இடம் பார்க்க ஒதுக்குங்கள். தூண்டில் கையில் இருந்தால் கண் தண்ணீரைப் பார்க்காது, தக்கையைத்தான் பார்க்கும். நான் வந்த புதிதில் இதைத் தெரிந்துகொள்ளாமல் மைத்துனரோடு பாந்திரா பேண்ட்ஸ்டாண்ட் பாறைகளுக்குப் போனேன். நாங்கள் இறங்கும்போது பாறை நீளமாக, காய்ந்து கிடந்தது. கடைசி வரை நடந்து போய், தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து இரை மாட்டினோம். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், எங்களுக்கும் கரைக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த கடல் அமைதியாகவே இருந்தது. தண்ணீர் பின்பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறது. கரையிலிருந்து ஒரு பெரியவர் கையை வீசிக் கத்தி, எந்தப் பக்கம் கடப்பது என்று காட்டினார். மார்பளவு தண்ணீரில் வந்து சேர்ந்தோம். மைத்துனருக்கு நீச்சல் தெரியாது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் தண்ணீர் ஏறுவதைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன். மீன் எங்கே கிடைக்கும் என்பதற்கும், நீங்கள் பத்திரமாக வீடு திரும்புவீர்களா என்பதற்கும் அது ஒன்றே விடை.

திதி தெரிந்தால் கடலின் மணி தெரியும்

மும்பைக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரமும் கொஞ்சமும் ஆகும். இன்றைக்கு ஏறிய மணிக்கு நாளைக்கு ஏறாது, சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். இதை மனக்கணக்காகப் போட இந்தக் கரையில் பழைய வழி ஒன்று உண்டு. திதி எண்ணை முக்காலால் பெருக்குங்கள். வருகிற விடைதான் முழு ஏற்றத்தின் மணி.

நம் வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். இன்று சதுர்த்தி என்றால் நாலு முக்கால் மூன்று, அதாவது அதிகாலை மூன்று மணி வாக்கிலும் பிற்பகல் மூன்று மணி வாக்கிலும் கடல் நிறைந்திருக்கும். அஷ்டமி என்றால் எட்டு முக்கால் ஆறு, காலை ஆறும் மாலை ஆறும். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் ஒரே கணக்கு. அமாவாசை, பௌர்ணமியில் பதினொன்றேகால் என்று வரும். நடைமுறையில் அது நண்பகல், நள்ளிரவை ஒட்டி இருக்கும். முக்கால் மணி, ஒரு மணி முன்பின் ஆகலாம். அதனால் இந்தக் கணக்கை வைத்து நாளைத் தேர்ந்தெடுங்கள், கிளம்பும் முன் போனில் ஓத அட்டவணையை, அதாவது ஏற்ற, வற்ற நேரப் பட்டியலைப் பார்த்து மணியை உறுதி செய்துகொள்ளுங்கள். அட்டவணையில் மும்பை என்றும் அப்பல்லோ பந்தர் என்றும் போட்டிருக்கும். தானே, வசாய் போன்ற, கடல் தண்ணீர் நிலத்துக்குள் ஏறிவரும் கழிகளின் உள்ளே போகப் போக அந்த மணியைவிடத் தாமதமாகத்தான் தண்ணீர் நிறையும்.

மராத்தியில் ஏற்றத்துக்கு பர்தி, வற்றத்துக்கு ஓஹோட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தை உதாண் என்பார்கள். அஷ்டமியை ஒட்டிய சோம்பல் தண்ணீருக்கு பாங்க். இந்த நாலு வார்த்தை தெரிந்திருந்தாலே கரையில் நிற்பவர் உங்களிடம் வேறு மாதிரி பேசுவார்.

சரி, இதில் மீன் எங்கே வருகிறது? தண்ணீர் ஓடும்போதுதான் மீன் தின்னும். முழு ஏற்றத்திலும் முழு வற்றத்திலும் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், அப்போது பெரும்பாலும் கடி குறைவு. வற்றம் முடிந்து தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கியதும், காய்ந்து கிடந்த பாறை இடுக்குகளிலும் சேற்றிலும் இருக்கும் நண்டுக்குஞ்சு, இறால், புழுவைத் தேடி மீன் கரையை நோக்கி வரும். ஏற்றத்தின் இரண்டாம் மணியிலிருந்து நாலாம் மணி வரை எனக்குப் பிடித்த நேரம். கழி வாய்களில் இது மாறும். தண்ணீர் வற்றும்போது உள்ளே இருக்கும் சிறு மீன்களும் இறாலும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். அதற்காகவே கொடுவா வாயில் காத்திருக்கும்.

இன்னொரு கணக்கும் வேண்டும். ஏறுகிற ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நாலிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. நாலு மீட்டர் ஏறுகிற நாளில் மூன்றாம் மணியில் மட்டும் ஒரு மீட்டர் ஏறிவிடும் என்று அர்த்தம். முதல் ஒரு மணி நேரம் "ஒண்ணும் ஏறலையே" என்று தோன்றும். நாங்கள் ஏமாந்தது அங்கேதான்.

புதியவருக்கு நான் சொல்லும் நாட்கள் சஷ்டியும் சப்தமியும். ஏற்றம் மாலை நாலரை, ஐந்தேகால் வாக்கில் முடியும். காலை பதினொரு மணிக்கே போனால் ஏறுகிற தண்ணீர் முழுவதும் வெளிச்சத்திலேயே கிடைக்கும். பௌர்ணமி அளவுக்குத் தண்ணீர் மூர்க்கமாக இருக்காது, அஷ்டமி, நவமி அளவுக்கு மந்தமாகவும் இருக்காது. விடுமுறை நாள் இதற்கு ஒத்து வரவில்லை என்றால், மணியைப் பார்த்து இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மணியை மறந்துவிட்டு ஞாயிறு காலை என்பதற்காக மட்டும் போகாதீர்கள்.

வற்றத்தில் போய் அடியைப் பாருங்கள்

அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மறுநாளிலிருந்து இரண்டு மூன்று நாட்கள், விடிந்து சிறிது நேரத்தில் கடல் நன்றாக வற்றியிருக்கும். இடம் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. கடல் தன் அடித்தளத்தைத் திறந்து காட்டும்.

முந்தின இரவே செயற்கைக்கோள் படத்தில் கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பாகத் திட்டுத்திட்டாகத் தெரிவது பாறை. வெளிறிய பழுப்பு, மணலும் சேறும். அந்தப் பழுப்புக்குள் கிளைத்து ஓடும் கறுத்த கோடுகள் வாய்க்கால்கள். மீன் நடமாடும் தெரு அவைதான். பாறையும் மணலும் சந்திக்கும் ஓரம், வாய்க்கால் வளைகிற முனை, கழி கடலில் கலக்கும் வாய், பழைய படகுத்துறையின் தூண்கள் ஆகிய நாலையும் குறித்துக்கொண்டு நேரில் போங்கள்.

போனதும் கரையிலிருந்தே நின்று படம் எடுங்கள். பின்னால் ஏதாவது மாறாத அடையாளம், ஒரு கட்டடமோ விளக்குக் கம்பமோ, படத்தில் இருக்க வேண்டும். "அந்த மஞ்சள் கட்டடத்துக்கு நேரே, இருபது அடி தள்ளிப் பள்ளம்" என்று எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் மூடிய பிறகு அந்தப் பள்ளம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பாறையில் சிப்பி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிப்பி உயிரோடு இருக்கும் இடத்தில் அதைச் சுற்றி மற்றதும் இருக்கும். ஆனால் அதே சிப்பிதான் தூண்டில் நரம்பையும் காலையும் அறுக்கும், வெறும் செருப்போடு போகாதீர்கள், ஷூ வேண்டும். பச்சைப் பாசி படிந்த பாறையில் கால் வைக்கவே வேண்டாம். பாறையில் எந்த உயரம் வரை ஈரக்கறை இருக்கிறது என்று பார்த்தால் ஏற்றம் எதுவரை வரும் என்று தெரிந்துவிடும். அந்தக் கறைக்கு மேலே உட்கார இடம் இருக்கிறதா, அங்கிருந்து கரைக்குக் காயாத பள்ளம் எதையும் தாண்டாமல் வர முடியுமா? இல்லை என்றால் எவ்வளவு மீன் இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

கொக்கு எங்கே நிற்கிறது, மடவைக் கூட்டம் எங்கே தண்ணீரைக் கலக்குகிறது, சாக்கடை எங்கே வந்து விழுகிறது என்பதையும் பாருங்கள். வாசனை உங்களுக்கே சொல்லிவிடும்.

கோலிகளிடம் கேளுங்கள், கேட்கிற விதத்தில்

இந்த நகரம் முதலில் மீனவர்களான கோலி மக்களுடையது. வொர்லி, மாஹிம், வெர்சோவா, மட், கொலாபா என்று கரை நெடுக அவர்களின் குடியிருப்புகளான கோலிவாடாக்கள் இருக்கின்றன. நம் ஆட்கள் லட்சக்கணக்கில் வாழும் தாராவியே ஒரு காலத்தில் கோலிகளின் மீன்பிடி ஊர்தான். கழியைத் தூர்த்துத் தூர்த்து நகரம் வளர, கடல் அவர்கள் வாசலை விட்டு விலகிப் போனது. இன்றும் தாராவிக்குள் ஒரு கோலிவாடா இருக்கிறது. நாம் பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் தண்ணீர் அவர்களுக்குச் சோறு. இதை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு தானாகச் சரியாக வரும்.

காலையில் மீன் வாங்கப் போங்கள். விற்கிற அம்மாவை மாவ்ஷி என்று கூப்பிடுங்கள், சித்தி, பெரியம்மா மாதிரியான சொல். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரை காகா என்றும், உங்களைவிடச் சற்று மூத்தவரை தாதா என்றும் கூப்பிடலாம். மராத்தியில் தாதா என்றால் அண்ணன்தான். இரைக்கு கால் கிலோ இறால் வாங்கிக்கொண்டே, "இத்தே மாஸே லாக்தாத் கா?" என்று கேளுங்கள், இங்கே மீன் படுமா என்று. "பர்தி கதி ஆஹே?" என்றால் ஏற்றம் எப்போது. மராத்தி வராவிட்டால் இந்தியிலேயே கேளுங்கள், தமிழ் உச்சரிப்பு என்று யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

எடுத்த எடுப்பில் "பெரிய மீன் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் பொதுவாக இருக்கும். "இந்தப் பாறைப்பக்கம் நிற்கலாமா, உங்கள் வலை இருக்கிறதா?" என்று கேளுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. கழி வாய்களில் பொம்பில் (பாம்பே டக்) மீனுக்காகக் கம்பு நட்டு, பை மாதிரியான டோல் வலை கட்டியிருப்பார்கள், தண்ணீரில் மேலே எதுவும் தெரியாது. அதில் தூண்டில் சிக்கி வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சம்பாத்தியம் போகும். எங்கே வலை என்று கேட்டவருக்கு எங்கே மீன் என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

மீன் பெயர்களைக் கொஞ்சம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். நம் காலா இங்கே ராவஸ். கொடுவா, ஜிதாடா. மடவைக்கு போய். கிழங்கான், முடுஷி. கெளுத்தியை ஷிங்காடா, ஷிங்காளா என்பார்கள். செப்பிலி, தாம்போசா. கானாங்கெளுத்தி பாங்டா, வஞ்சிரம் சுர்மை, வாவல் பாப்லெட், இறால் கோலம்பி, நண்டு சிம்போரி. பெயரைச் சொல்லி "இப்போ ராவஸ் வருதா?" என்று கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்ப்பார்.

ஏற்கெனவே தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவரிடம் போனால் முதலில் பத்து நிமிடம் பின்னால் நில்லுங்கள். எவ்வளவு தூரம் வீசுகிறார், ஈயக்குண்டு எவ்வளவு கனம், இரையை அடியில் போடுகிறாரா மிதக்க விடுகிறாரா என்று பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அவர் நிற்கும் பாறையில் போய் நீங்களும் வீசாதீர்கள்.

எந்தப் பக்கம் போகலாம்

புதியவருக்கு எளிது, தண்ணீருக்குள் இறங்காமல் நிற்கும் இடம்தான். வொர்லி, மரீன் டிரைவ் மாதிரி கடற்சுவர் உள்ள கரைகளில் சுவருக்கு உள்ளே நின்றுதான் பார்க்க வேண்டும். மரீன் டிரைவில் அலையை உடைக்கப் போட்டிருக்கும் நாலுகால் கான்கிரீட் கற்களின் மேல் இறங்கவே இறங்காதீர்கள். அவற்றுக்கு நடுவே இருக்கும் பொந்துகள் ஆழமானவை, கால் வழுக்கினால் உள்ளே போய்விடுவீர்கள். தீயணைப்புப் படை வந்து தூக்கிய சம்பவங்கள் பல. இன்னொன்று, 2024ல் கடற்கரைச் சாலை திறக்கப்பட்டது. அதற்காகக் கடலைத் தூர்த்ததில் பிரீச் கேண்டியிலிருந்து வொர்லி வரை கரையே முன்னால் நகர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் பற்றி யாராவது பழைய நினைவில் இடம் சொன்னால், இன்றைய கரையை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கு மனதுக்குப் பிடித்தது வடக்கு. மலாட் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் மார்வே போய், அங்கே படகேறினால் மனோரி. போரிவலி பக்கமிருந்து படகில் கோராய். வெர்சோவாவிலிருந்து கழியைத் தாண்டினால் மட். மூன்றிலும் ஒரு பக்கம் கழி, மறுபக்கம் திறந்த கடல். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இன்னொரு பக்கம் ஒதுங்க இடம் உண்டு. கழிப்பக்கத்தில் கொடுவா, செப்பிலி, கெளுத்தி. மணல் ஓரத்தில் கிழங்கானும் மடவையும். பாறை ஓரத்தில் களவாக் குஞ்சுகள். படகு எத்தனை மணி வரை ஓடும் என்பதை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முழு நாள் இருந்தால் பாவ்ச்சா தக்காவில் படகேறி மோரா போய் உரண் பக்கம் பாருங்கள். வசாய்க் கோட்டைப் பக்கத்துப் படகுத்துறையும் கழியும் ஒரு நாளுக்குத் தாராளம்.

கடல் வேண்டாம், ஏரிதான் வேண்டும் என்பவர்களுக்கு பவய் ஏரி. அங்கே மகாராஷ்டிரா ஸ்டேட் ஆங்கிளிங் அசோசியேஷன் இருக்கிறது. தூண்டில் போட அவர்களிடம் விசாரித்து, அனுமதியோடுதான் போட வேண்டும். கட்லா, ரோகு மாதிரி கெண்டை வகைகளுக்கு மாவு உருண்டை இரை. ஆனால் அந்த ஏரியில் முதலைகள் உண்டு, உண்மையாகவே. தண்ணீர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கை கழுவாதீர்கள்.

வேண்டாத இடங்கள்

விஹார், துளசி ஏரிகள் தேசியப் பூங்கா எல்லைக்குள் இருக்கும் குடிநீர் ஏரிகள். அங்கே எண்ணமே வேண்டாம். தானே கழியின் ஒரு பகுதி 2015லிருந்து பூநாரைச் சரணாலயம், 2022ல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க அருமையான இடம், தூண்டிலோடு போக அல்ல. அலையாத்திக் காடுகள் எங்கே இருந்தாலும் பாதுகாக்கப்பட்டவை. ஒரு கிளையை ஒடித்துக் கம்பு நடுவதும் குற்றம்.

2008 நவம்பர் தாக்குதலில் வந்தவர்கள் கடல் வழியாக, கஃப் பரேட் பக்கத்து மீனவர் குடியிருப்பு ஓரமாகத்தான் கரையேறினார்கள். அதன் பிறகு இந்தக் கரையில் புது ஆள் பையோடு நின்றால் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கடற்படைத் தளம், துறைமுகம், டிராம்பே அணுசக்தி வளாகம், எண்ணெய்ப் படகுத்துறைகள் இருக்கும் பக்கமே போகாதீர்கள். ஆதார் அட்டை பையில் இருக்கட்டும். போலீஸ்காரர் போகச் சொன்னால் விவாதம் செய்யாமல் கிளம்புங்கள்.

மித்தி ஆறும் மாஹிம் கழியும் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. தாராவியிலிருந்து நடந்து போகிற தூரம். மீனும் இருக்கிறது, பையன்கள் பிடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் நகரத்தின் சாக்கடையும் பட்டறைக் கழிவும் அதில்தான் வந்து சேர்கின்றன. அங்கே பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம் கொடுக்காதீர்கள்.

மாதங்கள்

மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். நம் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஊரில் தடை முடிந்ததே என்று இங்கே வந்தால் இங்கே அப்போதுதான் ஆரம்பித்திருக்கும். கரையில் தூண்டில் போடுகிறவரை அந்தத் தடை நேராகக் கட்டுப்படுத்தாது என்றாலும், பருவமழைக் கடல் கரையிலும் மூர்க்கம்தான். நாலரை மீட்டருக்கு மேல் ஏற்றம் வரும் நாட்களை மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே பட்டியல் போட்டுச் சொல்கிறது. அந்த நாட்களில் பாறைப்பக்கம் வேடிக்கை பார்க்கக்கூடப் போகாதீர்கள்.

ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி வரும் நாரளி பூர்ணிமாவில் கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டுத் தொழிலைத் தொடங்குவார்கள். அந்தச் சமயம் கோலிவாடாவில் இருந்தால் போய்ப் பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மணற்கரையில் தண்ணீருக்குள் இறங்குவதில் கவனம் வேண்டும். 2013ல் கிர்காவ் சௌபாட்டியில் பிள்ளையார் கரைக்க இறங்கிய பலரைத் திருக்கை குத்தியது. சொறிமுட்டையும் அப்போது கரைக்கு வரும். அக்டோபரிலிருந்து கடல் தெளிந்து அடங்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை புதியவர்களுக்கு என் சிபாரிசு.

சாமான்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லோக்கல் ரயிலில் கொண்டுபோக முடிவதுதான் நல்ல தூண்டில். மடக்கு வகையாக, ஏழெட்டு அடியில் ஒன்று போதும். நரம்பு சற்றுக் கனமாகவே இருக்கட்டும், இங்கே பாறையும் சிப்பியும் அறுத்துவிடும். ஈயக்குண்டுகள் நாலைந்து அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் கரையில் போடும் கனம் இங்கே தண்ணீர் ஓடும் வேகத்தில் நிற்காது, இழுத்துக்கொண்டு போகும். இறால், கணவாய்த் துண்டு, கழிப்பக்கம் உயிர் இறால், இவை போதும். இடுக்கி, கையுறை, டார்ச், நல்ல பிடிப்புள்ள ஷூ, குடிதண்ணீர். நீச்சல் தெரியாதவர் மிதவைச் சட்டை இல்லாமல் பாறைக்கு வரக்கூடாது. தனியாகவும் போகாதீர்கள்.

காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ரயிலில் தூண்டிலோடு ஏறாதீர்கள். திரும்பும்போது மீன் பை இருந்தால் லக்கேஜ் பெட்டியில் ஏறுங்கள், மீன்கார அம்மாக்களும் கூடையோடு அதில்தான் வருவார்கள்.

மீன் ஏறிய பிறகு

முதலில் ஏறுவது பெரும்பாலும் கெளுத்தியாக இருக்கும். முதுகிலும் பக்கத்திலும் உள்ள முள்ளில் விஷம் உண்டு. வெறும் கையால் பிடிக்காமல் துணியும் இடுக்கியும் வைத்துக் கழற்றுங்கள். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, தோல் வேகாத அளவுக்குப் பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணிக்கு மேல் வைத்திருந்தால் வலி இறங்கும். மிச்ச முள் உள்ளே இருந்தாலோ வீங்கினாலோ டாக்டரிடம் போங்கள்.

2023ல் மகாராஷ்டிர அரசு 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் வைத்தது. அது படகுத் தொழிலை மனதில் வைத்து வந்தது என்றாலும், தூண்டில்காரருக்கும் அதே நியாயம்தான். உள்ளங்கை அளவு காலா, கொடுவாக் குஞ்சு ஏறினால் ஈரக்கையால் பிடித்து தூண்டில் முள்ளைக் கழற்றித் திருப்பி விடுங்கள். அறுந்த நரம்பை ஒரு முழம்கூடப் பாறையில் விடாதீர்கள். வெர்சோவாக் கரையைத் துப்புரவு செய்த பிறகு 2018ல் அங்கே ஆமைக்குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குப் போயின. அந்தக் கடலில்தான் நாம் நரம்பை விடுகிறோம்.

வீட்டுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன், ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள். திதி, ஏற்றம் முடிந்த மணி, நின்ற இடம், எந்த மணியில் எந்த மீன் எந்த இரைக்குக் கடித்தது. கடிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். என் முதல் நோட்டில் முதல் ஆறு பக்கமும் "ஒன்றும் இல்லை" என்றுதான் இருக்கிறது, ஏழாவது பக்கத்தில் மனோரியில், சஷ்டி அன்று, பிற்பகல் மூன்றரை மணிக்கு ஒரு கொடுவா. பதினைந்து நாள் கழித்து அதே திதியில், ஏறக்குறைய அதே மணிக்கு, அதே பள்ளத்துக்குத் தண்ணீர் வந்தது. எட்டாவது பக்கத்தில் இரண்டு.